ஹோண்டுராஸ் பாதிரியார் சொல்லும் ‘புலம்பெயர்வின் வேர்கள்’: வாதம் நிற்குமா?

#1 பொருநை

இஸ்மாயில் மொரெனோ என்றால் ஹோண்டுராஸில் பலருக்குச் சட்டென்று தெரியாது. ‘பாத்ரே மெலோ’ என்றால் தெரியும். இயேசு சபைப் பாதிரியார். வடக்கே எல் புரோகிரெசோ நகரில் ரேடியோ புரோகிரெசோ வானொலியையும் எரிக் என்ற ஆய்வு மையத்தையும் நெடுங்காலம் நடத்தியவர். 2015-ல் நார்வேயின் ராஃப்டோ பரிசு பெற்றார். அமெரிக்கத் தேவாலயங்களுக்கும் கல்லூரிகளுக்கும் விருந்தினராகப் போய் மனித உரிமையையும் புலம்பெயர்வின் காரணங்களையும் பற்றிப் பேசியிருக்கிறார். சாரம் இதுதான்: எங்கள் மக்கள் ஆசைப்பட்டு வரவில்லை, துரத்தப்பட்டு வருகிறார்கள். துரத்துவது நாட்டைக் கைக்குள் வைத்திருக்கும் சில குடும்பங்கள். சுரங்கம், அணை, பாமாயில் முதலீடு. இவற்றைத் தாங்கிப் பிடிக்கும் ராணுவமும் வாஷிங்டனும்.

வாதம் நிற்கும் என்பது என் கட்சி. காலவரிசையைப் பாருங்கள். 2009 ஜூன் 28 விடிகாலை அதிபர் செலாயாவை ராணுவம் இரவு உடையோடு விமானத்தில் ஏற்றி கோஸ்டா ரிகாவில் இறக்கிவிட்டது. அன்றே சிப்பாய்கள் ரேடியோ புரோகிரெசோவுக்குள் புகுந்து ஒலிபரப்பை நிறுத்தினார்கள். அடுத்த ஓராண்டில் ஆறுகள்மீது நீர்மின் உரிமங்கள் கொத்துக் கொத்தாகக் கொடுக்கப்பட்டன. 2011-ல் கொலை விகிதம் லட்சத்துக்கு 86-ஐத் தாண்டியது. 2014 ஏப்ரலில் வானொலியின் விற்பனைப் பொறுப்பாளர் கார்லோஸ் மெஹியா ஒரெயானாவை வீட்டிலேயே குத்திக் கொன்றார்கள். 2016 மார்ச் 2 இரவு அணையை எதிர்த்த பழங்குடித் தலைவி பெர்தா காசெரெஸைக் கொன்றார்கள். 2017-ல் அரசியலமைப்பு தடுத்திருந்தும் அதிபர் ஹுவான் ஓர்லாந்தோ எர்னாந்தெஸ் மறுபடி போட்டியிட்டார். வாக்கு எண்ணிக்கை நடுவில் நின்றது. புதிதாகத் தேர்தல் நடத்துங்கள் என்றது அமெரிக்க நாடுகள் அமைப்பு. வாஷிங்டனோ வெற்றியை ஏற்றுக்கொண்டது. பத்தே மாதத்தில், 2018 அக்டோபரில், சான் பெத்ரோ சுலா பேருந்து நிலையத்திலிருந்து அந்தப் பெரிய நடைக்கூட்டம் கிளம்பியது.

அந்த எர்னாந்தெஸுக்கு 2024-ல் நியூயார்க் நீதிமன்றம் போதைக் கடத்தல் வழக்கில் 45 ஆண்டு விதித்தது. 2025 டிசம்பரில் டிரம்ப்பின் மன்னிப்பில் வெளியே வந்துவிட்டார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

#2 கணக்கன்

ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது என்பதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது பொருநை. மெலோ தைரியசாலி, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் ‘காரணம்’ என்று ஒருவர் சொன்னால் மூன்று கேள்வி கேட்டே ஆகவேண்டும். எந்த ஊரிலிருந்து கிளம்புகிறார்கள்? எந்த ஆண்டில்? அதே காரணம் இருக்கும் பக்கத்து நாட்டிலிருந்தும் கிளம்புகிறார்களா?

ஊர்: பெர்தா எதிர்த்த அகுவா சார்கா அணை மேற்கே குவால்கார்கே ஆற்றில், லென்கா பழங்குடிப் பகுதியில். திருப்பி அனுப்பப்படுவோரின் சொந்த மாவட்டக் கணக்கை எடுத்தால் முன்னால் நிற்பவை கோர்தெஸ், பிரான்சிஸ்கோ மொராசான், யோரோ, ஒலான்சோ. இரண்டு பெரிய நகரங்களின் புறநகரும், ஏற்கெனவே அமெரிக்காவில் உறவினர் உள்ள ஊர்களும் இவற்றில்தான் அதிகம். அணைப் பகுதி பட்டியலின் உச்சியில் இல்லை.

ஆண்டு: கொலை விகிதம் 2011-ல் 86. 2018-ல் அதில் பாதிக்கும் கீழே, 41 அளவில். ஆனால் அமெரிக்கத் தெற்கு எல்லையில் பிடிபட்ட ஹோண்டுராஸ்காரர் எண்ணிக்கை 2019 நிதியாண்டில் இரண்டரை லட்சம். கொலை பாதியானபோது புறப்பாடு பெருகியிருக்கிறது.

பக்கத்து நாடு: நிகராகுவா. ஹோண்டுராஸைவிட ஏழை நாடு. அமெரிக்கா அங்கே கூலிப்படையை வைத்துப் போரே நடத்தியது. துறைமுகத்தில் கண்ணிவெடி வைத்தது. 1986-ல் சர்வதேச நீதிமன்றம் கண்டித்தது. வாஷிங்டன்தான் வேர் என்றால் நிகராகுவா காலியாகியிருக்க வேண்டும். 2018 வரை அவர்கள் பெரும்பாலும் தெற்கே கோஸ்டா ரிகாவுக்குத்தான் போனார்கள்.

மீதிக் கணக்கு எளியது. சோலோமாவில் ஆயத்த ஆடை ஆலைச் சம்பளம் மாதம் 400 டாலரை ஒட்டி. ஹூஸ்டனில் கூரை வேலைக்குப் போனால் அதை ஒரு வாரத்துக்குள் சம்பாதிக்கலாம். இந்த இடைவெளியும், அங்கே முன்பே போன அண்ணனும், கடன் கொடுக்க ஆளும் இருந்தால் போதும்.

#3 தெற்குத்தெரு

ரெண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள். ‘திருச்சபை ஏழைகளோடு’ என்று பேசுகிறோமே, 2009-ல் தெகுசிகால்பா கர்தினால் ரோத்ரிகெஸ் மாராதியாகா தொலைக்காட்சியில் வந்து செலாயா நாடு திரும்ப வேண்டாம், ரத்தக்களறி ஆகும் என்றார். கவிழ்ப்பு செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறென்ன? சாந்தா ரோசா தெ கோபான் ஆயர் லூயிஸ் அல்ஃபோன்சோ சாந்தோஸ் நேர் எதிராக நின்றார். ஆக மெலோ பேசுவது திருச்சபையின் குரல் இல்லை, அதில் ஒரு பிரிவின் குரல்.

இன்னொன்று. 2003-ல் அமெரிக்க, மெக்சிகோ ஆயர்கள் சேர்ந்து புலம்பெயர்வு பற்றி ஒரு மேய்ப்புப்பணி மடல் வெளியிட்டார்கள். ஐந்து கொள்கை அதில். சொந்த நாட்டிலேயே வாழ வழி கிடைக்கும் உரிமை முதலாவது. பிழைக்க வழியில்லாவிட்டால் பெயரும் உரிமை இரண்டாவது. மூன்றாவது, தன் எல்லையைக் கட்டுப்படுத்த நாடுகளுக்கு உரிமை உண்டு என்பது. விருந்தினர் உரைகளில் முதல் இரண்டு மட்டும்தான் வரும். மூன்றாவதை யாராவது சத்தமாகப் படித்துக் கேட்டிருக்கிறீர்களா?

#4 பொருநை

தெற்குத்தெரு அண்ணே, அந்த மூன்றாவதை முழுசாகப் படியுங்கள். செல்வமும் வலிமையும் உள்ள நாடுகளுக்குப் பெயர்ந்து வருவோரை ஏற்கும் கடமை கூடுதல் என்றும் அங்கேயே இருக்கிறது. நாலாவது தஞ்சம் கேட்போரைக் காப்பது, ஐந்தாவது ஆவணம் இல்லாதவருக்கும் மனித மாண்பு உண்டு என்பது. ஒன்றை மட்டும் உருவி எடுப்பதை ரெண்டு பக்கமும்தான் செய்கிறார்கள்.

பாதிரியாருக்கு ஏன் அரசியல் என்ற கேள்வி நமக்குப் புதிதா? திருச்சிப் பக்கம் பிறந்த ஸ்டேன் சுவாமியும் இதே இயேசு சபைதான். ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளாகவே கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றிக் கணக்கெடுத்தவர். 2020 அக்டோபரில் கைது, 2021 ஜூலை 5-ல் காவலில் இருந்தபடியே மருத்துவமனையில் மரணம். வயது 84.

கணக்கன் சார், உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கொலை எண்ணிக்கை குறைந்தால் வன்முறை குறைந்தது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அங்கே பணம் பறிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.

‘போர் வரி’ என்றே அதற்குப் பெயர். பேருந்து நடத்துநர் கையிலோ கடை மேசையிலோ ஒரு செல்போன் வந்து சேரும். அதில் அழைப்பு வரும், வாரத்துக்கு இவ்வளவு என்று. ஒரே தடம் இரண்டு மூன்று கும்பல்களின் பகுதி வழியாகப் போனால் அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் கட்டணும். டிசம்பரில் போனஸ் தனி. முதலாளி கட்டத் தவறினால் சுடப்படுவது ஸ்டியரிங் பிடித்த ஓட்டுநர். கடையை மூடிவிட்டால் தப்பிக்கலாமா என்றால் பாக்கி வைத்துவிட்டு ஓடியதாகக் கணக்கு. வேறு பேட்டைக்குக் குடிபோனால் அங்கே நிற்கும் காவல் பையன்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள். பழைய முகவரி எதிர்க்கும்பலின் இடமாக இருந்தால் அதுவே குற்றம்.

ரெண்டு கும்பல் ஒரு தெருவுக்காக அடித்துக்கொள்ளும்போதுதான் பிணம் விழும். ஒரு கும்பல் ஜெயித்து உட்கார்ந்ததும் கொலை குறையும், வசூல் ஒழுங்காகும். நீங்கள் காட்டும் 86-லிருந்து 41-க்கான இறக்கத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த வசூலுக்குத் தப்பி முதலில் உள்நாட்டுக்குள்ளேயேதான் ஓடுகிறார்கள். 2004 முதல் 2018 வரை வன்முறையால் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர் ஏறத்தாழ 2,47,000 என்பது அரசுக் குழுவே எடுத்த கணக்கு. அவர்களுக்கான சட்டம் வந்ததோ 2022 டிசம்பரில்.

#5 கணக்கன்

பணம் பறிப்பு பற்றிச் சொன்னது சரியான விவரம். ஆனால் அதற்கும் துரத்துவதாக மெலோ சொல்லும் மூன்று கைக்கும் (சில குடும்பங்கள், சுரங்கம்-அணை முதலீடு, ராணுவத்தோடு வாஷிங்டன்) என்ன தொடர்பு? எம்எஸ்-13, பாரியோ 18 என்ற இரண்டு கும்பலும் லாஸ் ஏஞ்சல்ஸில் வளர்ந்தவை, 1996-ன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் கும்பல் கும்பலாக நாடு கடத்தப்பட்டு வந்தவை என்பீர்கள். சரி. அதே நாடுகடத்தல் எல் சால்வடாருக்கும் நடந்தது.

அந்த எல் சால்வடாரையே பாருங்கள். 2022 மார்ச் 27 முதல் நெருக்கடி நிலை. 80,000-க்கு மேற்பட்டவர் கைது. பிடி ஆணை, வழக்கறிஞர், தனித்தனி விசாரணை என்ற எதுவும் ஒழுங்காக இல்லை. சிறையில் நூற்றுக்கணக்கில் சாவு. மனித உரிமை அளவுகோலில் படுபாதாளம். ஆனால் எல்லையில் பிடிபடும் சால்வடார்காரர் எண்ணிக்கை அடுத்த ஆண்டே கணிசமாகக் குறைந்தது. மனித உரிமை மீறல்தான் புலம்பெயர்வுக்கு வேர் என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்? மேடையில் ‘மனித உரிமை’யையும் ‘புலம்பெயர்வின் காரணத்தை’யும் ஒரே தலைப்பில் கட்டிவைப்பதுதான் எனக்கு உறுத்தல். இரண்டும் தனித்தனியாகப் பேசவேண்டியவை.

#6 மலைக்காடு

நகரத்துக் கும்பலையும் தலைநகர் அரசியலையும் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மத்திய அமெரிக்காவில் அதிகக் காபி விளைவிக்கும் நாடு ஹோண்டுராஸ். ஒரு லட்சத்துக்கு மேல் விவசாயிகள், பெரும்பாலோர் ஐந்து ஏக்கருக்குள். மேற்கு மலை மாவட்டங்களிலிருந்து கிளம்புபவர்களைப் புரிந்துகொள்ள இலைத் துரு நோயைப் புரிந்துகொள்ளணும்.

2012–13 பருவத்தில் வந்தது. இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மாவு அப்பியது போல இருக்கும். பிறகு இலை உதிரும். காய் நிறையாமல் சப்பையாகும். மழை தொடங்கும்போதே தாமிரக் கலவை அடித்திருக்க வேண்டும். பத்தில் ஒரு இலை பழுத்த பிறகு தாமிரத்தால் பயனில்லை, உள்ளே ஊடுருவும் மருந்துதான். அதற்கு விலை அதிகம். பருவத்துக்கு மூணு நாலு தடவை அடிக்கணும். கையில் காசில்லாதவன் முதல் தடவையைத் தள்ளிப்போடுவான். அங்கேயே தோட்டம் போச்சு. அடியோடு வெட்டிவிட்டால் மறுபடி காய்க்க இரண்டு ஆண்டு. பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று வைத்தால் உருப்படியான மகசூலுக்கு மூன்று ஆண்டு. அதுவரை வீடு எதில் ஓடும்?

துருவைத் தாங்கும் என்று ‘லெம்பிரா’ ரகத்தைத் தேசியக் காபி நிறுவனமே பரப்பியது. கடன் வாங்கி மலை முழுக்க நட்டார்கள். 2017-ல் அந்த ரகத்திலேயே துரு ஏறியது. நட்ட கடன் முடியுமுன் 2018–19-ல் நியூயார்க் விலை பவுண்டுக்கு ஒரு டாலருக்குக் கீழே விழுந்தது. உற்பத்திச் செலவே அதற்கு மேல். இரண்டு அடியும் ஒரே குடும்பத்தின்மேல் ஐந்தாறு ஆண்டுக்குள். கணக்கன் சொன்ன 2019-ன் இரண்டரை லட்சத்தை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இதே துருதான் 1869-ல் இலங்கையில் காணப்பட்டு அங்கிருந்த காபித் தோட்டங்களை அழித்தது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். நம் கூலிச் சனம் லயத்திலேயே கிடந்தது. தோட்டக்காரனுக்கு மாற்றுப் பயிருக்கு முதல் இருந்தது. ஹோண்டுராஸின் மூன்று ஏக்கர்க்காரனிடம் அது இல்லை.

#7 தெற்குத்தெரு

ஆக பூஞ்சைதான் வேர். வாஷிங்டன் தப்பித்தது :)

#8 மலைக்காடு

அவசரப்படாதீர்கள். ஏற்றுமதி அளவைப் பங்கிட்டு விலையைத் தாங்கிப்பிடிக்க உலகக் காபி ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. 1989 ஜூலையில் அந்தப் பங்கீடு குலைந்தது. குலைந்ததில் அமெரிக்காவுக்குப் பெரிய பங்கு. அதன்பிறகு விலை எப்போது வேண்டுமானாலும் தரைதட்டலாம் என்று ஆனது. பூஞ்சையை வாஷிங்டன் அனுப்பவில்லை. விலைக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்ததில் அதற்குக் கை உண்டு. மேடையில் அணையும் சுரங்கமும் பேசப்படும் அளவுக்குக் காபி விலை பேசப்படுவதில்லை என்பது என் குறை.

நிலத்தையும் சொல்லிவிடுகிறேன். 1992-ல் வேளாண் நவீனமயச் சட்டம் கூட்டுறவு நிலத்தை விற்கலாம் என்றது. வடகிழக்கே பாஹோ அகுவான் பள்ளத்தாக்கில் நிலச்சீர்திருத்தத்தில் கிடைத்த நிலங்கள் சில ஆண்டுக்குள் பெரிய பனை எண்ணெய் முதலாளிகள் கைக்குப் போயின. திரும்பக் கேட்ட விவசாயிகள் 2009-க்குப் பிறகு நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் தினாந்த் நிறுவனத்துக்கு உலக வங்கிக் குழுமம் 3 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டிருந்தது. பாதியைக் கவிழ்ப்பு நடந்த சில மாதத்திலேயே கொடுத்தது. உரிய ஆய்வு செய்யவில்லை என்று 2014-ல் அதன் சொந்தத் தணிக்கையே கண்டித்தது. மெலோவின் மூன்று கையும் ஒரே இடத்தில் சேர்ந்து தெரிவது அங்கேதான்.

#9 வழக்குமன்றம்

எல்லோரும் ‘காரணம்’ என்கிறீர்கள். எல்லையில் வந்து நிற்கிறவருக்கு அந்தச் சொல் வேறு விதமாக வேலை செய்கிறது. அந்தப் படிகள் தெரியாமல் பாதிரியாரின் பேச்சு ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பது விளங்காது.

பல ஆண்டு வழக்கமாக இருந்த முறையைச் சொல்கிறேன். ஆட்சிக்கு ஆட்சி கதவு திறப்பதும் மூடுவதும் தனிக்கதை. முதலில் ‘நம்பத்தகுந்த அச்சம்’ பற்றிய நேர்காணல். தஞ்சம் கிடைக்கக் கணிசமான வாய்ப்பு உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். தேறினால் குடியேற்ற நீதிமன்றம். நாட்டுக்குள் நுழைந்து ஓராண்டுக்குள் ஐ-589 படிவம் போட்டாக வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான், நேர்காணலிலேயே விண்ணப்பம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். பிறகு நிரூபிக்க வேண்டியவை: துன்புறுத்தல்; அது இனம், மதம், தேசிய இனம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு என்ற ஐந்தில் ஒன்றின் பொருட்டு என்பது; அரசால் காக்க முடியவில்லை அல்லது மனமில்லை என்பது; நாட்டுக்குள்ளேயே வேறிடம் போய்ப் பிழைக்க முடியாது என்பது.

பேருந்து முதலாளி இரண்டாவதில் தோற்பார். கும்பல் அவரிடம் காசுக்காக வந்தது, கருத்துக்காக இல்லை என்று தீர்ப்பு எழுதுவார்கள். ‘கப்பம் கட்ட மறுத்தவர்கள்’ என்று ஒரு சமூகக் குழுவை வரைந்து காட்டினால் பெரும்பாலும் ஏற்பதில்லை. குடும்பம் என்ற குழுவாகக் காட்டினால் சில நேரம் நிற்கும். கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்களுக்கு 2018-ல் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஒரே தீர்ப்பில் வழியை ஏறத்தாழ அடைத்தார்; 2021-ல் வேறொருவர் வந்து அதை நீக்கினார்; 2025-ல் அடுத்தவர் மறுபடி அடைத்தார்.

சான்றும் அதே சிக்கல்தான். போலீஸில் புகார் நகல் எங்கே என்பார் நீதிபதி. புகார் கொடுத்த செய்தி அன்று மாலையே கும்பலுக்குப் போய்விடும் என்பதால்தான் யாரும் கொடுப்பதில்லை. அந்த இடத்தில் கோப்பில் வைக்க நாட்டு நிலைமை பற்றிய ஆவணம் வேண்டும். எரிக் மாதிரியான மையங்களின் ஆய்வு, வானொலியின் செய்தி, மனித உரிமை அறிக்கை, இவையெல்லாம் வழக்கறிஞர் இணைப்பாக வைப்பவை. மனித உரிமைப் பேச்சுக்கும் புலம்பெயர்வுக்கும் உள்ள நடைமுறைத் தொடர்பு இதுதான் கணக்கன். தனித்தனியாகப் பேசச் சொல்கிறீர்கள், சட்டமே இரண்டையும் கட்டிவைத்திருக்கிறது.

#10 கணக்கன்

நன்றி, இது தெளிவு. ஆனால் நீங்கள் சொல்வதிலிருந்து எனக்குக் கிடைப்பது வேறு முடிவு. தஞ்சச் சட்டம் துன்புறுத்தலை மட்டும் கேட்கிறது. அதனால் எல்லோரும் துன்புறுத்தலை மட்டும் சொல்லப் பழகுகிறார்கள். மேடைப் பேச்சும் அதே அச்சில் வார்க்கப்படுகிறது. வழக்கு மனுவாக அது சரி. ஏன் போகிறார்கள் என்ற விளக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கடன் பக்கம் ஏன் யாரும் பேசுவதில்லை? எல்லை தாண்டவைக்கும் ஏஜென்ட் கட்டணம் பல ஆயிரம் டாலர். மூன்று முயற்சிக்குச் சேர்த்து ஒரே கட்டணம் என்று பேசுவது வழக்கம். பணம் எங்கிருந்து? வீட்டுப் பத்திரம், மலை நிலம் அடமானம், மாத வட்டி. முதல் முயற்சியில் பிடித்துத் திருப்பி அனுப்பினால் வட்டி நிற்காது. உள்ளூர்க் கூலியில் அசலில் ஒரு பைசா இறங்காது. ஆகவே அடுத்த வாரமே மறுபடி புறப்பாடு. திருப்பி அனுப்புவதே அடுத்த பயணத்தின் காரணம் ஆகிறது. இதில் தளபதியும் இல்லை, அணையும் இல்லை.

எண்ணிக்கையையும் இதோடு சேர்த்துப் படிக்கணும். 2021 நிதியாண்டில் ஹோண்டுராஸ்காரர் மூன்று லட்சத்துக்கு மேல் என்பார்கள். அது ஆட்கணக்கில்லை, பிடிபட்ட தடவைகளின் கணக்கு. 2020 மார்ச்சிலிருந்து 2023 மே வரை கொரோனாவைக் காட்டி, வழக்கில்லாமல் உடனே வெளியே தள்ளினார்கள். பின்விளைவு இல்லாததால் ஒருவரே ஒரே மாதத்தில் இரண்டு மூன்று தடவை முயன்றார். அந்த எண்ணை வைத்து ‘நாடே காலியாகிறது’ என்று யாராவது பேசினால் நிறுத்திக் கேளுங்கள்.

#11 பொருநை

எண்ணைப் பற்றிச் சொன்னதில் சண்டையில்லை. 2021 ஏன் என்பதில் உண்டு. 2020 நவம்பரில் ஏதா, இயோதா என்று இரண்டு புயல் இரண்டு வார இடைவெளியில். உலுவா, சாமெலெகோன் ஆறுகள் பெருகி சுலா பள்ளத்தாக்கு மூழ்கியது. லா லிமாவில் விமான நிலையமே தண்ணீருக்குள். நீங்கள் முதலில் சொன்ன கோர்தெஸும் யோரோவும் இங்கேதான் இருக்கின்றன.

இது இயற்கை, அரசியல் இல்லை என்பீர்கள். அந்த ஆறுகளின் மண்கரைமேலேயே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன, வேறு புறம்போக்கு இல்லாததால். 1998-ல் மிட்ச் புயல் இதே பள்ளத்தாக்கை அழித்தது. இருபத்திரண்டு ஆண்டு கழித்தும் கரை உடையும் இடங்கள் உடைந்தன. நடுவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து கோடிகோடியாகச் சுருட்டினார்கள். 2015-ல் வெள்ளிக்கிழமைதோறும் தீப்பந்தம் ஏந்தி ஜனம் தெருவில் நடந்தது. அந்த அழுத்தத்தில் 2016-ல் வந்த சர்வதேச ஊழல் ஒழிப்புக் குழுவை 2020 ஜனவரியில் எர்னாந்தெஸ் அரசு நீட்டிக்காமல் அனுப்பிவைத்தது. பத்து மாதத்தில் வெள்ளம். கரைக்குப் போகவேண்டிய பணம் எங்கே போகும் என்று கேட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளத்தை இயற்கை என்றால் எப்படி?

பக்கத்து நாட்டுச் சோதனையை நீங்களே கொண்டுவந்தீர்கள். கோஸ்டா ரிகாவை எடுங்கள். அதே வாழைக் கம்பெனி, யுனைடெட் ஃப்ரூட். 1934-ல் அங்கேயும் பெரிய வேலைநிறுத்தம், 1954-ல் எல் புரோகிரெசோவில் நடந்தது மாதிரி. ஆனால் அங்கே 1941-ல் சமூகக் காப்பீடு, 1943-ல் தொழிலாளர் சட்டம், 1948-ல் ராணுவமே கலைப்பு. இன்று அங்கே ஆள் வந்துசேர்கிறார்கள், போகவில்லை. கம்பெனி ஒன்று, அரசு வேறு. மெலோ சொல்லும் ‘சில குடும்பங்களின் அரசு’ என்பதற்கு இதைவிடச் சோதனை வேண்டுமா?

நிகராகுவா 2018 வரை வடக்கே போகவில்லை என்றீர்கள். 2018 ஏப்ரலில் என்ன நடந்தது? அரசை எதிர்த்துப் போராட்டம் வெடித்தது, சில மாதத்தில் 300-க்கு மேற்பட்டவரைக் கொன்றார்கள். 2022 நிதியாண்டில் அமெரிக்க எல்லையில் 1,60,000-க்கு மேல். சம்பள வித்தியாசம் 2017-லும் இருந்ததே!

#12 கணக்கன்

நல்ல அடி. ஆனால் யாருக்கு விழுகிறது என்று பாருங்கள். கோஸ்டா ரிகா உதாரணம் ‘உள்நாட்டு அரசு எப்படிப்பட்டது’ என்பதை நிறுவுகிறது. ‘வாஷிங்டன்’ என்பதை அல்ல. நிகராகுவாவும் அப்படியே. அங்கே சுட்டது வாஷிங்டனின் கையாள் இல்லை, அதிபர் ஒர்தேகாவின் அரசு. மெலோவின் சபையினர் நடத்திய மனாகுவா பல்கலைக்கழகத்தை 2023 ஆகஸ்டில் பறிமுதல் செய்ததும் அதே அரசு. மூன்று கையில் ஒன்றைக் கழற்றுங்கள், மற்ற இரண்டோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

#13 தெற்குத்தெரு

கழற்ற முடியாது சார். 2017 தேர்தலை யார் ஏற்றார்கள்? ஹோண்டுராஸின் பால்மெரோலா ராணுவத் தளத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? கோகெய்ன் வழக்கில் தண்டித்தவனை யார் மன்னித்தார்கள்? திருச்சபையை நான் குறை சொன்னேன், வாஷிங்டனுக்கு வக்காலத்து வாங்கவில்லை.

#14 மலைக்காடு

எல் சால்வடாருக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் கணக்கனின் பலமான சீட்டு. ஹோண்டுராஸும் அதையே செய்து பார்த்தது. 2022 டிசம்பரில் சியோமாரா காஸ்த்ரோ அரசு பணம் பறிப்பை ஒழிக்க நெருக்கடி நிலை அறிவித்துத் திரும்பத் திரும்ப நீட்டித்தது. பேருந்துக்காரர்கள் கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். அதே மருந்து, அதே நோய், பலன் இல்லை. போலீஸுக்குள்ளேயே கும்பலுக்கு ஆள் இருந்தால் ஊரடங்கு யாரைப் பிடிக்கும்? அந்த நெருக்கடி நிலைக்கு நடுவில்தான், 2024 செப்டம்பர் 14 இரவு, தோகோவாவில் தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிய ஹுவான் லோபெஸைச் சுட்டார்கள். குவாபினோல் ஆற்றைச் சுரங்கத்திலிருந்து காக்கப் போராடியவர், பங்கில் இறைவார்த்தைப் பணியாளர். ராணுவம் தெருவில் நிற்கிறது என்பதால் அவர் பிழைக்கவில்லை.

#15 வழக்குமன்றம்

கணக்கனுக்கு ஒரு எண் தருகிறேன், நீங்கள் மதிக்கும் வகை ஆள் எடுத்தது. மைக்கேல் கிளெமென்ஸ் என்ற பொருளியலாளர், 2011 முதல் 2016 வரை குவாத்தமாலா, எல் சால்வடார், ஹோண்டுராஸ் என்ற மத்திய அமெரிக்க முக்கோணத்திலிருந்து துணையின்றிப் பிடிபட்ட 1,79,000 சிறுவர்களின் தரவை ஊர்வாரியாகப் பார்த்தார். ஆண்டுக்கு ஒன்று வீதம் ஆறு ஆண்டில் ஓர் ஊரில் கூடுதலாக ஆறு கொலை நடந்தால், அங்கிருந்து 3.7 சிறுவர் கூடுதலாகப் பிடிபட்டார்கள். பொருளாதாரக் காரணமும் ஏறத்தாழ அதே வலுவோடு இருந்தது. இரண்டும் தனித்தனி ஆட்களைத் தள்ளவில்லை, ஒரே வீட்டைத் தள்ளின. சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 2005-க்குப் பின் உள்ள விதிப்படி, நான் முன்பு சொன்ன ஐந்தில் ஒன்று துன்புறுத்தலுக்கான ‘மையக் காரணங்களில் ஒன்றாக’ இருந்தால் போதும். கூலிக்கும் ஆசைப்பட்டார் என்பதால் மட்டும் மனு தள்ளுபடி ஆகாது.

#16 கணக்கன்

அந்த ஆய்வு தெரியும். அதே கிளெமென்ஸ்தான், ஏழை நாட்டின் வருமானம் உயரும்போது புலம்பெயர்வு முதலில் கூடும், ஆளுக்கு 8,000–10,000 டாலர் அளவு, அதுவும் வாங்கும் திறன் கணக்கில், தாண்டிய பிறகே குறையும் என்று காட்டியவர். ஹோண்டுராஸ் அந்த மேட்டில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2021-ல் பைடன் அரசு ‘வேர்க் காரணங்கள்’ என்று திட்டமே போட்டது, நாலு ஆண்டில் 400 கோடி டாலர். வெற்றியை எல்லை எண்ணிக்கையில் அளந்தார்கள். எண் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்றதும் உதவியே வீண் என்று வெட்ட வசதியாகிவிட்டது. ‘வேர்’ என்று மேடையில் பேசுகிறவர்கள் கவனிக்கவேண்டியது இது. பள்ளியும் நீதிமன்றமும் கட்டக் காசு கேளுங்கள், அது தன்னளவில் நியாயம். கட்டினால் யாரும் கிளம்ப மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

#17 பொருநை

அந்த வாக்கை மெலோ கொடுக்கிறார் என்று எங்கே எடுத்தீர்கள்? ‘எங்களுக்கு உதவுங்கள், நாங்கள் வரமாட்டோம்’ என்பது வாஷிங்டனின் பேரம். இவர் கேட்பது எங்கள் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் கொடுக்கும் பணத்தை நிறுத்துங்கள் என்று. அகுவா சார்காவில் அதுதானே வேலை செய்தது? பழங்குடியினரை முன்கூட்டிக் கலந்துபேச வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கையில் ஹோண்டுராஸ் 1995-லேயே கையெழுத்திட்டிருந்தது, யாரும் கலந்துபேசவில்லை. 2013-ல் சீனக் கட்டுமான நிறுவனம் விலகியது, 2017-ல் டச்சு, ஃபின்லாந்து வங்கிகள் விலகின. அணை நின்றது. 2022-ல் அந்த அணை நிறுவனத் தலைவர் தாவித் காஸ்தியோவுக்குப் பெர்தா கொலையில் 22 ஆண்டு ஆறு மாதம். பணத்தின் வாயை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இது ஒரு கணக்கு.

#18 கணக்கன்

ஆம், அணை நின்றது. அந்த அணைப் பகுதியான ரியோ பிளாங்கோவின் ஊர்களிலிருந்து அதற்குப் பிறகு கிளம்புகிறவர் குறைந்தார்களா? அந்த ஊர்வாரிக் கணக்கை எரிக் மையமே எடுக்கலாம், அவர்களிடம் அதற்கு ஆள் இருக்கிறது. அடுத்த முறை உரைக்கு அழைப்பவர்கள் அதைக் கேட்கட்டும்.

#19 மலைக்காடு

கேட்கும்போது மாதவாரியாகக் கேளுங்கள். அறுவடை நவம்பர் முதல் மார்ச் வரை. அந்த மாதங்களில் மலையில் கூலி உண்டு. கடைக்கடனும் உரக்கடனும் கழுத்தைப் பிடிப்பது அதற்குப் பிறகு. ஆண்டு மொத்தத்தை மட்டும் வாங்கினால் அணையா, காபியா, கும்பலா என்று பிரித்தறிய வழியிருக்காது.